ஆறும்போது எழுதும் திரை

எல்சிடி எனப்படும் திரவப் படிகத் திரையை ஆள்வது மின்சாரம் என்பது பொதுவான எண்ணம். அது தவறன்று, ஆனால் திரையின் இரு கண்ணாடிகளுக்கு நடுவே அடைபட்டிருக்கும் பொருள், மின்சாரத்துக்குப் பணிவதற்கு முன்பே வெப்பத்துக்குக் கட்டுப்பட்டது என்பதையும், அந்தக் கட்டுப்பாட்டையே கருவியாக்கிச் சூடாக்கியும் ஆறவிட்டும் திரையில் படம் எழுதிய ஒரு காலம் இருந்தது என்பதையும் அந்த எண்ணம் மறைத்துவிடுகிறது. அவ்வகைத் திரைகள் இன்று கடைகளில் கிடைப்பதில்லை. ஆயினும், ஒரு பொருளின் நிலையை அதன் வெப்பநிலை மட்டும் தீர்மானிப்பதில்லை, அது எந்த வேகத்தில் ஆறி அந்த வெப்பநிலைக்கு வந்து சேர்ந்தது என்பதும் தீர்மானிக்கிறது என்ற, கொல்லர்களும் பாகு காய்ச்சுவோரும் நெடுங்காலமாக அறிந்த உண்மையைத் தலைமுடியை விட மெல்லிய கோடு வரையும் அளவுக்குக் கூர்மையாக்கியவை அவை என்பதால், அவற்றை விரிவாகப் பார்ப்பதில் பயன் உண்டு.

மார்கழிக் குளிரில் உறைந்து வெண்மையாகிவிடும் தேங்காய் எண்ணெய், வெயிலில் வைத்த சிறிது நேரத்தில் உருகித் தெளிகிறது. கலங்கல், தெளிவு என்ற அந்த இரு நிலைகளுக்கும் நடுவில் இருப்பது ஏறத்தாழ 24 டிகிரி செல்சியஸ் அளவிலான ஓர் எல்லை மட்டுமே. பிராக் நகரில் பணியாற்றிய தாவரவியலாளர் பிரீட்ரிக் ரைனிட்சர் 1888இல் கொலஸ்டெரில் பென்சோயேட் என்ற சேர்மத்தைச் சூடாக்கியபோது கண்டதோ இரண்டு எல்லைகள்: 145.5 டிகிரியில் திண்மம் உருகிக் கலங்கிய நீர்மமாயிற்று, 178.5 டிகிரியில் அந்தக் கலங்கலும் திடீரென மறைந்து நீர்மம் தெளிந்தது. ஒரு பொருளுக்கு இரண்டு உருகுநிலைகள் இருப்பது அன்றைய வேதியியலுக்குப் புதிராக இருந்ததால், அதே ஆண்டு மார்ச் 14 அன்று அவர் ஓட்டோ லேமன் என்ற ஜெர்மானிய இயற்பியலாளருக்குக் கடிதம் எழுதி மாதிரிகளையும் அனுப்பினார். லேமனைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருந்தது. பார்க்கப்படும் பொருளைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சூடாக்கவும் ஆறவைக்கவும் வல்ல மேடை பொருத்திய நுண்ணோக்கியை அவர் தமக்கென உருவாக்கி வைத்திருந்தார். அடுப்பும் ஆடியும் ஒன்றாய் இணைந்த ஒரு கருவியின் கீழேதான் திரவப் படிகம் என்ற நிலை முதலில் தெளிவாகப் புரிந்துகொள்ளப்பட்டது.

அந்த இரண்டு எல்லைகளுக்கு இடையே நடப்பது என்ன என்பதைச் சற்று விளக்க வேண்டும். திண்மப் படிகத்தில் மூலக்கூறுகள் இடத்தாலும் திசையாலும் ஒழுங்குபட்டு நிற்கின்றன. சாதாரண நீர்மத்தில் இரண்டு ஒழுங்குகளும் இல்லை. நீண்ட குச்சி போன்ற மூலக்கூறுகளைக் கொண்ட சில சேர்மங்களில், சூடாக்கும்போது இவ்விரு ஒழுங்குகளும் ஒரே நேரத்தில் குலையாமல், இட ஒழுங்கு முதலிலும் திசை ஒழுங்கு பின்னரும் எனப் படிப்படியாகக் குலைகின்றன. மூலக்கூறுகள் இடம்விட்டு இடம் ஓடினாலும் ஏறத்தாழ ஒரே திசையை நோக்கிய வண்ணமே இருக்கும் நிலைக்கு நெமாட்டிக் என்று பெயர். திசையும் ஒன்றாக இருந்து, அடுக்கி வைத்த தாள்கள்போல் அடுக்குகளாகவும் பிரிந்திருக்கும் நிலைக்கு ஸ்மெக்டிக் என்று பெயர். நெமாட்டிக் போன்றே இருந்தும், ஒரு தளத்திலிருந்து அடுத்த தளத்துக்குப் போகும்போது திசை சிறிது சிறிதாகத் திரும்பிச் சுருள்படிக்கட்டு போல் முறுக்கிக்கொண்டால் அது கொலஸ்டெரிக். மூன்று பெயர்களையும் 1922இல் வகுத்தவர் பிரெஞ்சு அறிஞர் ஜார்ஜ் பிரீடெல். முதலிரண்டும் நூல், சோப்பு ஆகியவற்றைக் குறிக்கும் கிரேக்கச் சொற்களிலிருந்து வந்தவை, மூன்றாவது கொலஸ்டெராலின் பெயரால் வந்தது. குச்சி வடிவம்தான் இதற்கெல்லாம் இன்றியமையாதது என்ற நம்பிக்கை நெடுங்காலம் நிலவியது. தட்டு வடிவ மூலக்கூறுகளும் இப்படிப்பட்ட நிலைகளை அடையும் என்பதை 1977இல் பெங்களூரு ராமன் ஆய்வு நிறுவனத்தில் எஸ். சந்திரசேகரும், பி. கே. சதாசிவாவும், கே. ஏ. சுரேஷும் காட்டிய பிறகே அது தளர்ந்தது.

எண்களோடு ஓர் எடுத்துக்காட்டைக் கையில் வைத்துக்கொள்வது பின்வரும் விளக்கத்துக்கு உதவும். ஆய்வகங்களில் 8சிபி என்று சுருக்கமாக அழைக்கப்படும் சேர்மம் ஏறத்தாழ 21.5 டிகிரி வரை திண்மம், அங்கிருந்து 33.5 டிகிரி வரை ஸ்மெக்டிக், அங்கிருந்து 40.5 டிகிரி வரை நெமாட்டிக். அதற்கு மேல் எல்லாத் திசையிலும் ஒரே பண்புடைய சாதாரண நீர்மம். குளிரூட்டிய அறைக்கும் காய்ச்சல்காரரின் உடலுக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாட்டுக்குள் ஏறக்குறைய முழு நாடகமும் முடிந்துவிடுகிறது. இறுதி எல்லையான 40.5 டிகிரியைத் தெளிவு வெப்பநிலை என்று அழைப்பது வழக்கம், ரைனிட்சரின் 178.5 டிகிரியும் அதே வகை எல்லைதான்.

வெப்பத்தைக் கொண்டு எதையேனும் காட்டும் மிக எளிய வழி கொலஸ்டெரிக் நிலையில் கிடைத்தது. சுருள்படிக்கட்டு ஒரு முழுச் சுற்றுச் சுற்ற எடுத்துக்கொள்ளும் உயரத்துக்குப் புரியிடை என்று பெயர். அந்தப் புரியிடையைப் பொருளின் ஒளிவிலகல் எண்ணால் பெருக்கினால் கிடைக்கும் அலைநீளமுடைய ஒளியை மட்டும் கொலஸ்டெரிக் படலம் தெறித்து அனுப்புகிறது. ஒளிவிலகல் எண் 1.5 என்றும் புரியிடை 350 நானோமீட்டர் என்றும் கொண்டால் 525 நானோமீட்டர், அதாவது பச்சை. சூடு ஏற ஏறப் பெரும்பாலான கொலஸ்டெரிக் கலவைகளில் புரியிடை குறுகுகிறது; எனவே நிறம் சிவப்பிலிருந்து பச்சை வழியாக நீலத்துக்கு நகர்கிறது. சூடு என்றால் சிவப்பு, குளிர் என்றால் நீலம் என்று குழாயடியில் பழகிய கண்ணுக்கு இது தலைகீழாகத் தோன்றும். காரணம் ஸ்மெக்டிக் நிலையில் இருக்கிறது: தட்டையான அடுக்குகள் முறுக்குக்கு இடம் தருவதில்லை என்பதால், ஆறிக்கொண்டே போய் ஸ்மெக்டிக் எல்லையை நெருங்கும் கலவை தன் முறுக்கைத் தானே தளர்த்திக்கொள்கிறது, புரியிடை நீள்கிறது, நிறம் சிவப்பை நோக்கிப் போய் இறுதியில் மறைந்தேவிடுகிறது.

இதைத் தொழில்நுட்பமாக்கியவர் அமெரிக்காவில் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவன ஆய்வகத்தில் பணியாற்றிய ஜேம்ஸ் பெர்காசன். 1964இல் சயின்டிபிக் அமெரிக்கன் இதழில் அவர் எழுதிய கட்டுரை மூலம் பொது வாசகர் பலர் திரவப் படிகம் என்ற சொல்லை முதன்முதலில் அறிந்தனர். குழந்தையின் நெற்றியில் ஒட்டிக் காய்ச்சல் பார்க்கும் பிளாஸ்டிக் பட்டை இந்த வழியில் வந்தது: வெவ்வேறு வெப்பநிலையில் நிறம் காட்டும் கலவைகளை நுண்ணிய உறைகளில் அடைத்து, ஒவ்வோர் எண்ணுக்கும் அடியில் ஒன்றாகக் கருப்புப் பின்னணியில் பூசி வைத்தால், உடம்பின் சூடு எந்த எண்ணுக்கு உரியதோ அந்த எண் மட்டும் ஒளிர்கிறது. மின்கலம் இல்லை, கம்பி இல்லை. காட்டப்படும் செய்தியும் காட்டும் ஆற்றலும் ஒன்றே. 1975இல் அமெரிக்காவில் பரபரப்பாக விற்ற மனநிலை மோதிரமும் இதே பொருள்தான். அது அணிந்தவரின் மனத்தைச் சொன்னதா என்பது வேறு விஷயம், விரலின் வெப்பத்தைச் சரியாகவே சொன்னது.

ஆனால் இந்தப் பட்டையைத் திரை என்று அழைக்கத் தயக்கம் ஏற்படுகிறது. அதில் நினைவு இல்லை. நெற்றியிலிருந்து எடுத்ததும் அது அறையின் வெப்பநிலையைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுகிறது. ஒரு படத்தை அதில் நிறுத்தி வைக்க வேண்டுமானால் படத்தின் ஒவ்வொரு புள்ளியையும் ஓயாமல் சூடாகவே வைத்திருக்க வேண்டும். ஒரு புள்ளியின் சூடு பக்கத்துப் புள்ளிக்குக் கசிவதைத் தடுக்கவும் முடியாது. வெப்பத்தைப் பேனாவாக்க விரும்பியவர்களுக்குத் தேவைப்பட்டது, சூடு போன பிறகும் சூட்டின் தடம் நிற்கும் ஒரு தாள்.

அந்தத் தாளை ஸ்மெக்டிக் நிலை தந்தது. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த பிரெடெரிக் கான் 1973இல் வெளியிட்ட ஆய்வில், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு லேசர்க் கற்றையைக் கொண்டு ஸ்மெக்டிக் படலத்தில் எழுதி, எழுதியதைச் சேமித்து, வேண்டியபோது அழித்தும் காட்டினார். அதற்கு முந்தைய ஆண்டே அவரும் உடன்பணியாற்றியோரும் கொலஸ்டெரிக் கலவையில் இதே போன்ற ஒன்றைச் செய்திருந்தனர். ஸ்மெக்டிக் அதை மேலும் உறுதியாக்கியது. கருவியின் அமைப்பு எளிமையானது: உட்புறம் மின்கடத்தும் ஒளிபுகு பூச்சு பூசிய இரண்டு கண்ணாடித் தகடுகள், நடுவே ஏறத்தாழ பத்து மைக்ரோமீட்டர் தடிமனில் ஸ்மெக்டிக் பொருள். அதே ஒளிபுகு பூச்சு, கண்ணுக்குத் தெரியும் ஒளியை வழிவிட்டு அகச்சிவப்பை மட்டும் உள்வாங்கிச் சூடாகும்படி பயன்படுத்தப்பட்டது. தொடக்கத்தில் மூலக்கூறுகள் எல்லாம் கண்ணாடிக்குச் செங்குத்தாக நிற்கும். அடுக்குகள் கண்ணாடிக்கு இணையாகப் படிந்திருக்கும். பார்வைக்குப் படலம் தெளிந்த கண்ணாடியாகவே தெரியும்.

லேசர் ஒரு புள்ளியில் படும்போது அந்த இடம் மட்டும் ஸ்மெக்டிக்கிலிருந்து நெமாட்டிக்குக்கும், நெமாட்டிக்கிலிருந்து சாதாரண நீர்மத்துக்கும் ஏறிவிடுகிறது. உருகிய அந்தப் புள்ளியும் தெளிவாகவே இருக்கும் என்பதைக் கவனிக்க வேண்டும். எழுத்து இன்னும் எழுதப்படவில்லை. லேசர் நகர்ந்ததும் புள்ளி ஆறத் தொடங்குகிறது. மெதுவாக ஆறினால், கண்ணாடிப் பரப்பு தன் அருகிலுள்ள மூலக்கூறுகளை நிமிர்த்தி, அவை தம் அடுத்தவற்றை நிமிர்த்தி, ஒழுங்கு இரு பக்கமிருந்தும் நடுவை நோக்கிப் பரவி, படலம் பழைய தெளிவுக்கே திரும்பியிருக்கும். ஆனால் மிக வேகமாக ஆறும்போது அதற்கு நேரமில்லை. நெமாட்டிக் நிலையைத் தாண்டி ஸ்மெக்டிக்குள் விழும் பொருள், அங்கங்கே தனித்தனியாகத் தோன்றிய சிறு சிறு அடுக்குக் கூட்டங்களாக, ஒன்றுக்கொன்று இசையாத திசைகளில், வளைந்தும் மடிந்தும் உறைந்துவிடுகிறது. அந்தக் குழப்பம் ஒளியைச் சிதறடிக்கிறது. புள்ளி பால்போல் வெளுக்கிறது. அது எழுத்து.

பழுக்கக் காய்ச்சிய இரும்பைத் தண்ணீரில் முக்கினால் ஒரு குணம், உலைச் சாம்பலில் ஆறவிட்டால் வேறொரு குணம் என்பதைப் போன்றதே இதுவும். இரண்டு இரும்புத் துண்டுகளையும் மறுநாள் தொட்டுப் பார்த்தால் ஒரே குளிர்ச்சிதான். வேறுபாடு அவை ஆறிய வரலாற்றில் இருக்கிறது. ஆகவே இத்திரைகளை வெப்பத்தால் எழுதும் திரைகள் என்று பொதுவாக வழங்கும் பெயர் பாதி உண்மையே ஆகும். வெப்பம் செய்வது பலகையைத் துடைப்பது, எழுதுவது குளிர்ச்சி.

போதிய வேகத்தில் ஆறுமா என்ற ஐயத்துக்கு எளிய கணக்கு ஒன்று விடை தருகிறது. ஒரு படலம் தன் சூட்டை இழக்க எடுக்கும் நேரம், தடிமனின் வர்க்கத்தை வெப்பப் பரவல் எண்ணால் வகுத்தால் கிடைக்கும் அளவையொட்டியது. இவ்வகைச் சேர்மங்களுக்கு அந்த எண் நொடிக்கு ஏறத்தாழ 0.1 சதுர மில்லிமீட்டர் என்று கொண்டு, தடிமனை 10 மைக்ரோமீட்டர் என்று வைத்தால், நேரம் ஒரு மில்லிநொடி அளவில் வருகிறது. இரு பக்கமும் குளிர்ந்த கண்ணாடியின் நடுவே சிக்கிய ஒரு மெல்லிய படலத்தில் திடீர்க் குளிர்ச்சிக்கு எந்தக் குளிர்பதனப் பெட்டியும் தேவையில்லை; கண்ணாடியே குளத்து நீராக வேலை செய்கிறது. தடிமன் இருமடங்கானால் ஆறும் நேரம் நான்கு மடங்காகிவிடும் என்பதால், படலத்தை மெல்லியதாக வைப்பது கூர்மைக்காக மட்டுமன்று, எழுத்து வெளுப்பாக விழுவதற்காகவும் ஆகும்.

அழிப்பதற்கு மின்புலம் துணைக்கு வந்தது. இம்மூலக்கூறுகளின் ஒரு முனையில் மின்னேற்றம் சற்று ஓங்கியிருப்பதால், மின்புலத்தில் வைத்தால் அவை புலத்தின் திசையில் நிமிர்ந்து நிற்க முயல்கின்றன. சிதறிக் கிடக்கும் ஸ்மெக்டிக் அடுக்குகளை அப்படியே நிமிர்த்த மிகுந்த மின்னழுத்தம் தேவை. அவ்வளவு அழுத்தத்தைக் கொடுத்தால் முழுத் திரையும் ஒரே நேரத்தில் துடைக்கப்பட்டுவிடும். ஆனால் லேசரால் ஒரு புள்ளியை மீண்டும் உருக்கி, அது ஆறும்போது சிறிய மின்னழுத்தம் ஒன்றைக் கொடுத்தாலே போதும். குழம்ப வேண்டிய மூலக்கூறுகள் அந்த மெல்லிய வழிகாட்டலில் நிமிர்ந்தபடியே உறைந்து, அந்தப் புள்ளி மட்டும் தெளிகிறது. உருகி ஆறும் அந்த ஒரு மில்லிநொடியில் மட்டும் பொருள் சொல்பேச்சுக் கேட்கிறது. அதற்கு முன்னும் பின்னும் அதே குரலுக்குச் செவிசாய்ப்பதில்லை. இந்த ஏற்பாட்டில் உள்ள நயம், இன்றைய திரைகளில் எதிலும் இல்லாத ஒன்று எனலாம்.

ஒளிவீழ்த்தியில் இந்தத் தகட்டை வைத்தால், சிதறடிக்கும் புள்ளிகள் வில்லைக்கு வெளியே ஒளியை இறைத்துவிடுவதால் சுவரில் கருங்கோடுகளாக விழும். ஒரு முறை எழுதினால் மின்சாரத்தை நிறுத்திய பின்னும் மாறாமல் நிற்கும் என்பதால், பெரிய பொறியியல் வரைபடங்களையும் நிலப்படங்களையும் காட்டுவதற்கு இது ஏற்றதாகக் கருதப்பட்டது. அன்றைய கதோடுக் கதிர்க் குழாய்த் திரைகள் தொட முடியாத நுட்பமான கோடுகளை இது தந்தது.

லேசர் இல்லாமல், தட்டையான பலகையாகவே இதைச் செய்ய முடியுமா என்ற கேள்விக்குப் பிரான்சில் தாம்சன்-சிஎஸ்எப் நிறுவனத்தில் பணியாற்றிய அராங், லெ பெர் ஆகியோர் 1970களில் விடை கண்டனர். அந்த விடையின் அருமையைப் புரிந்துகொள்ள, அப்போது மின்சாரத் திரைகள் மாட்டிக்கொண்டிருந்த ஓர் இக்கட்டை அறிய வேண்டும். படப்புள்ளி ஒவ்வொன்றுக்கும் தனிக் கம்பி இழுப்பது இயலாது என்பதால், ஒரு கண்ணாடியில் வரிகளாகவும் மறு கண்ணாடியில் நிரல்களாகவும் மின்முனைகளை அமைத்து, வரிகளை ஒன்றன்பின் ஒன்றாக இயக்குவது வழக்கம். அப்படி இயக்கும்போது, ஒளிர வேண்டாத புள்ளிகளிலும் ஓரளவு மின்னழுத்தம் விழுந்துகொண்டே இருக்கும். 1974இல் ஆல்ட், பிளெஷ்கோ இருவரும் வெளியிட்ட கணக்கின்படி, 16 வரிகள் இருந்தால் ஒளிரும் புள்ளிக்குக் கிடைக்கும் மின்னழுத்தம் ஒளிராத புள்ளியுடையதைப் போல் 1.29 மடங்கு வரை இருக்கலாம். 100 வரிகள் ஆனால் அது 1.11 மடங்குக்கு மேல் போகாது. வரிகள் கூடக் கூட ஆம் என்பதற்கும் இல்லை என்பதற்கும் இடையிலுள்ள வேறுபாடு கரைந்துகொண்டே போகிறது. நெமாட்டிக் பொருளுக்கு நினைவில்லை. ஆகவே சராசரியாக எவ்வளவு மின்னழுத்தம் விழுகிறது என்பதை மட்டுமே அது அறியும்.

நினைவுள்ள ஸ்மெக்டிக் பொருளுக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. பிரெஞ்சுக் குழுவின் பலகையில் வரி மின்முனைகளே சூடேற்றும் கம்பிகளாகவும் இருந்தன: ஒரு வரியின் வழியே சிறிது நேரம் மின்னோட்டத்தைச் செலுத்தினால் அந்த வரி முழுவதும் உருகும், மின்னோட்டத்தை நிறுத்தியதும் அது ஆறத் தொடங்கும், ஆறும் அந்தக் கணத்தில் நிரல்களில் எவற்றுக்கு மின்னழுத்தம் கொடுக்கப்படுகிறதோ அங்கே தெளிவும், கொடுக்கப்படாத இடங்களில் வெளுப்பும் உறைகின்றன. முந்தைய வரிகள் ஏற்கெனவே ஸ்மெக்டிக்காக உறைந்துவிட்டதால், அதே நிரல்களில் தொடர்ந்து பாயும் சிறு மின்னழுத்தம் அவற்றை அசைப்பதில்லை. ஒரு வரி ஆறும் நேரத்தில் அடுத்த வரியைச் சூடேற்றத் தொடங்கிவிடலாம் என்பதால் நேரமும் வீணாவதில்லை. வரிகள் நூறோ ஆயிரமோ, ஒவ்வொன்றும் தன் முறை வரும்போது மட்டும் எழுதப்பட்டு, பிறகு தன்பாட்டில் கிடக்கும்.

இவ்வளவு நேர்த்தியான முறை ஏன் நிலைக்கவில்லை என்பதற்கு முதற்காரணம் சூட்டின் செலவு. உருக்க வேண்டியது ஒரு மெல்லிய படலம்தான் என்றாலும் அதைத் தாங்கும் கண்ணாடியும் சேர்ந்தே சூட்டைக் குடிக்கிறது. படத்தை அடிக்கடி மாற்றினால் அந்தச் செலவு ஒவ்வொரு முறையும் திரும்ப வருகிறது, கண்ணாடியும் மெல்லச் சூடேறி, ஆறும் வேகம் குறைந்து, வெளுப்பு மங்குகிறது. இரண்டாவது, பலகையின் அடிப்படை வெப்பநிலை ஸ்மெக்டிக் எல்லைக்குச் சற்றே கீழே நிலையாக இருக்க வேண்டும்: மிகவும் கீழே இருந்தால் உருக்குவதற்கு அதிக ஆற்றல் வேண்டும், எல்லையைத் தாண்டிவிட்டால் எழுதியது எல்லாம் ஒரே நொடியில் அழியும். எனவே வெப்பத்தால் எழுதும் கருவிக்கு வெப்பத்திலிருந்து தன்னைக் காத்துக்கொள்ளத் தனியே ஒரு வெப்பநிலைக் கட்டுப்பாடும் தேவைப்பட்டது.

மூன்றாவது அடி உள்ளிருந்தே வந்தது. இங்கிலாந்தில் கோட்ஸ், கிராஸ்லாந்து முதலியோர் 1978இல், ஸ்மெக்டிக் படலத்தில் சிறிது அயனிச் சேர்மத்தைக் கலந்து, குறைந்த அதிர்வெண் மின்னழுத்தத்தைக் கொடுத்தால் அயனிகள் அங்குமிங்கும் ஓடி அடுக்குகளைக் குலைத்து வெளுக்கச் செய்கின்றன என்றும், உயர் அதிர்வெண் மின்னழுத்தம் அவற்றை மீண்டும் நிமிர்த்தித் தெளிவிக்கிறது என்றும் காட்டினர். நினைவு அப்படியே இருந்தது. அடுப்பு மட்டும் போய்விட்டது. பெருஞ்சந்தையோ நினைவையே கேட்கவில்லை. அது அசையும் படத்தைக் கேட்டது. 1979இல் ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்தில் லெகோம்பரும் ஸ்பியரும் படிக உருவற்ற சிலிக்கானில் மெல்லிய டிரான்சிஸ்டர்கள் செய்து காட்டிய பிறகு, ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு டிரான்சிஸ்டரைக் காவல் வைத்து, நினைவில்லாத நெமாட்டிக் பொருளுக்கு வெளியிலிருந்து நினைவூட்டும் வழி திறந்துவிட்டது. தோற்றது இயற்பியல் அன்று, விருப்பம் என்றே சொல்ல வேண்டும். உருக்கி வேகமாக ஆறவைத்து எழுதுதல், மெதுவாக ஆறவைத்து அழித்தல் என்ற அதே உத்தி, திரவப் படிகத்தை விட்டுவிட்டு வேறொரு பொருளில் குடியேறி, மீண்டும் மீண்டும் எழுதத்தக்க டிவிடி தட்டுகளில் கோடிக்கணக்கான வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது.

வெப்பத்தை எழுதுகோலாக்க ஒரு சாரார் முயன்ற அதே ஆண்டுகளில், மறு சாரார் அதைத் திரையிலிருந்து விரட்டப் பாடுபட்டுக்கொண்டிருந்தனர். அமெரிக்காவின் ஆர்சிஏ நிறுவன ஆய்வகத்தில் 1960களில் ரிச்சர்ட் வில்லியம்ஸ் மின்புலத்தில் நெமாட்டிக் பொருள் வடிவம் கொள்வதைக் கண்டபோது அவர் பயன்படுத்திய சேர்மம் 117 டிகிரிக்கு மேல்தான் நெமாட்டிக்காக இருந்தது. ஜார்ஜ் ஹெய்ல்மையர் முதலில் பயன்படுத்திய சேர்மத்துக்கும் 80 டிகிரிக்கு மேலான சூடு தேவைப்பட்டது. தண்ணீர் கொதிக்கும் அளவுச் சூட்டில் வைத்தால் மட்டும் மணி காட்டும் கைக்கடிகாரத்தை யாரும் கட்டிக்கொள்ள மாட்டார்கள். கலவையாக்கினால் உருகுநிலை இறங்கும் என்ற பழைய வேதியியல் உண்மையைக் கொண்டு அதே ஆய்வகத்தினர் அறை வெப்பநிலைக்கு இறங்கினர். ஆனால் அந்தக் கலவைகள் ஈரம் பட்டால் சிதைந்தன. 1973இல் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் கிரேயும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட சயனோபைபினைல் வகைச் சேர்மங்கள் அந்தச் சிக்கலைத் தீர்த்தன. அவற்றில் புகழ்பெற்ற 5சிபி ஏறத்தாழ 24 முதல் 35 டிகிரி வரை மட்டுமே நெமாட்டிக். மால்வர்னில் இருந்த அரசு ஆய்வு நிலையத்தில் பீட்டர் ரெயின்ஸ் அதனுடன் மேலும் மூன்று சேர்மங்களைச் சேர்த்து ஆக்கிய ஈ7 என்ற கலவை, உறைபனிக்குக் கீழே 10 டிகிரி முதல் ஏறத்தாழ 60 டிகிரி வரை தாக்குப்பிடித்தது. முன்னர் சொன்ன 8சிபியும் இதே குடும்பத்துப் பிள்ளைதான்: ஒரே குடும்பம் ஒரு கையால் வெப்பத்தை வெளியேற்றியது, மறு கையால் அதை வரவேற்றது.

வெளியேற்றம் முழுமையாகிவிடவில்லை. பொறியியல் கல்லூரி மாணவர்கள் தங்கள் செயல்திட்டங்களில் பொருத்தும் 16 எழுத்து, 2 வரி எல்சிடி பலகையில் கருமையைச் சரிசெய்யத் திருகும் பொட்டென்ஷியோமீட்டர் இதற்குச் சாட்சி. மூலக்கூறுகள் எந்த அளவுக்கு ஒரே திசையில் நிற்கின்றன என்பதைக் குறிக்கும் ஒழுங்கெண், சூடு ஏற ஏறக் குறைகிறது. மூலக்கூறுகளைத் திருப்புவதற்கு எதிரான மீள்விசை அந்த ஒழுங்கெண்ணின் வர்க்கத்தை ஒட்டியும், மின்புலத்துக்கு அவை காட்டும் பணிவு அந்த எண்ணையே ஒட்டியும் குறைவதால், எதிர்ப்பு பணிவை விட வேகமாகத் தளர்கிறது. எனவே திருப்பத் தேவைப்படும் குறைந்தபட்ச மின்னழுத்தம் சூட்டில் இறங்கி, குளிரில் ஏறுகிறது. காலையில் சரியாக வைத்த திரை உச்சிவேளையில் எழுத்தில்லாத கட்டங்களையும் கருப்பாகக் காட்டுவது இதனால்தான். 100 வரித் திரையில் ஆம், இல்லை இரண்டுக்கும் இடையில் பதினொரு விழுக்காடே இடைவெளி என்ற முன் சொன்ன கணக்கோடு இதைச் சேர்த்துப் பார்த்தால், நல்ல கருவிகளில் வெப்பத்தை அளந்து மின்னழுத்தத்தைத் தானே திருத்தும் தெர்மிஸ்டர் ஏன் வைக்கப்படுகிறது என்பது விளங்கும்.

குளிர் தரும் தொல்லை வேறு வகையானது. வெப்பநிலை இறங்கும்போது பொருளின் பாகுநிலை வேகமாக உயர்வதால், மூலக்கூறுகள் திரும்புவதற்கு எடுத்துக்கொள்ளும் நேரம் பல மடங்காகிறது. உறைபனியில் நகரும் எண்கள் பின்னால் நிழலை இழுத்துக்கொண்டு போகின்றன. பனிநாடுகளில் வெட்டவெளியில் நிற்கும் கருவிகளிலும் விமானியின் அறையிலும் உள்ள திரைகளுக்குப் பின்னால், மின்கடத்தும் ஒளிபுகு பூச்சு ஒன்றைச் சூடேற்றியாகப் பொருத்தி, தொடங்கும்போது சில நிமிடம் காயவைக்கிறார்கள். கான் தம் லேசரின் சூட்டை வாங்கப் பயன்படுத்திய அதே வகைப் பூச்சு இங்கே எழுதுவதற்காக அன்றி, எழுதுவதற்குத் தயாராக்கும் கணப்பாக வேலை செய்கிறது.

வெயிலில் நிற்கும் விளம்பரத் திரைகளுக்கோ குளிரூட்டல் வேண்டும். பின்விளக்கின் சூடும் சூரியனின் சூடும் சேர்ந்து கண்ணாடியைத் தெளிவு வெப்பநிலைக்கு மேலே தள்ளிவிட்டால், அந்த இடத்தில் நெமாட்டிக் பொருள் சாதாரண நீர்மமாகிவிடுகிறது. ஒளி அதிரும் தளத்தைத் திருப்பும் வல்லமையை அது இழப்பதால், ஒரு தளத்தில் அதிரும் ஒளியை மட்டும் வழிவிடும், ஒன்றுக்கொன்று குறுக்காக வைக்கப்பட்ட இரண்டு தளவிளைவுத் தகடுகளும் ஒளியை அடைத்துவிட, திரையின் நடுவில் ஒரு கரும்படலம் மை கொட்டியது போல் விரிகிறது. இதைத் தடுக்கவே விசிறிகளும், வெப்பத்தைத் திருப்பி அனுப்பும் கண்ணாடிகளும், 100 டிகிரியைத் தாண்டிய தெளிவு வெப்பநிலை கொண்ட கலவைகளும் அத்திரைகளில் பயன்படுகின்றன. பார்ப்பவர் திரை கெட்டுவிட்டது என்று நினைக்கிறார்; மேகம் ஒன்று வந்து நின்றால், சில நிமிடங்களில் கருமை ஓரங்களிலிருந்து உள்நோக்கிச் சுருங்கிப் படம் திரும்பிவிடுகிறது. ரைனிட்சர் தம் சோதனைக் குழாயில் 178.5 டிகிரியில் பார்த்த அதே எல்லையைப் பொருள் ஒரு முறை மேலேறிக் கடந்து, மறு முறை கீழிறங்கிக் கடந்திருக்கிறது.